பச்சை மண்

பன்னிரண்டு ஆண்டுகள் குருகுலத்தில் தங்கி வேதங்களை ஓதி முடித்த ஸ்வேதகேது, இருபத்து நான்காம் வயதில் வீடு திரும்பினான். அவனது நடையிலும் பார்வையிலும் கற்றவன் என்ற மிடுக்கு இருந்தது. தந்தை உத்தாலக ஆருணி அதைக் கவனித்தார். இவ்வளவும் கற்ற நீ, எல்லா அறிவுக்கும் அடிப்படையான அந்த ஒன்றைப் பற்றி ஆசிரியரிடம் கேட்டதுண்டா என்று வினவினார். மகனுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. அவனுக்கு விளங்க வைப்பதற்காகத் தந்தை முதலில் எடுத்துக்கொண்ட உதாரணம் ஒரு மண் கட்டி. பொன்னும் இரும்பும் அதற்குப் பிறகே வருகின்றன.

சாந்தோக்ய உபநிடதத்தின் ஆறாம் அத்தியாயத்தில் வரும் இந்த உரையாடலைப் பரம்பொருளைப் பற்றிய விசாரணையாகவே நாம் பெரும்பாலும் படிக்கிறோம், அது சரியே. ஆனால் கதையில் மற்றொன்றும் நடக்கிறது. நீண்ட படிப்பு அந்த இளைஞனிடம் செருக்காக முடிந்திருந்தது. ஒரு பிடி மண்ணைப் பற்றிய பேச்சு அவனை மீண்டும் மாணவனாக்கியது. மறுபடியும் விளக்கும்படி அவனே கேட்கத் தொடங்குகிறான். தந்தை உயர்ந்த அந்த உபதேசத்தை ஒரு முறை சொல்லிவிட்டு நிறுத்தவில்லை. ஒன்பது முறை, வெவ்வேறு உதாரணங்களோடு சொல்கிறார்.

எவ்வளவு காலம் கற்றால் அது கல்வி? கற்று முடித்தவர் என்று பெயர் பெற்ற ஒருவர் மீண்டும் கற்க உட்காருவது எதனால் கடினமாகிறது? இந்தக் கேள்விகளுக்கு இன்றைய வாழ்க்கையில் ஒரு சிறிய, ஓரளவு வேடிக்கையான இடமும் உண்டு. வெளியூர்ப் பயணத்தின் நடுவே சிலர் சேர்ந்து இரண்டு மணி நேரம் ஓவியமோ மண் வேலையோ பழகும் வகுப்புதான் அது.

லிங்கராஜபுரத்தில் ஒரு காலை

பெங்களூரின் வடகிழக்கில், குக் டவுனுக்கும் கம்மனஹள்ளிக்கும் அருகே இருக்கிறது லிங்கராஜபுரம். ரயில் பாதையைத் தாண்டும் மேம்பாலமும், நெருக்கமான வீடுகளும், எந்நேரமும் வாகனங்களின் ஓசையும் கொண்ட பகுதி. 1809இல் ஆங்கிலேயர் பெங்களூரில் படைவீடு அமைத்த பின், அதைச் சுற்றித் தமிழர் குடியேற்றம் பெருகியது. அதனால் நகரின் இந்தப் பக்கத்தில் இன்றும் தமிழ் அந்நிய மொழியாக ஒலிப்பதில்லை. இப்போது கணினி நிறுவனங்களில் வேலை பார்க்கும் பிள்ளைகளின் வீட்டுக்கு, தமிழ்நாட்டின் சிற்றூர்களிலிருந்து பெற்றோர் வந்து பத்து நாள், இருபது நாள் தங்கிச் செல்கிறார்கள்.

அப்படி வரும் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். கும்பகோணத்துக்காரர், பள்ளியில் முப்பத்து மூன்று ஆண்டுகள் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவர். மகள் வீடு லிங்கராஜபுரத்தில். காலை நடைக்குப் பிறகு நாளிதழ்; பிறகு மதியம் வரை ஒன்றும் இல்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் மண் வேலை கற்பிக்கிறார்கள் என்று அறிந்த மகள், சனிக்கிழமை வகுப்புக்குத் தந்தையின் பெயரைக் கொடுத்துவிடுகிறாள். இத்தகைய சிறு வகுப்புகள் பெங்களூரில் இன்று பரவலாக உண்டு. ஆறு பேர், ஏழு பேர்; மின்சாரத்தில் சுழலும் சிறிய சக்கரங்கள்; ஒரு வாளித் தண்ணீர்; இடுப்பில் கட்டிக்கொள்ள ஒரு துணி. கற்பிப்பவர் ஏறக்குறைய அவருடைய மகளின் வயதுடைய பெண்.

முதல் அரை மணி நேரம் சக்கரத்தின் அருகே விடுவதில்லை. மண்ணைப் பிசைய வேண்டும். உள்ளே காற்றுக் குமிழியும் ஈரத்தில் ஏற்றத்தாழ்வும் இல்லாதபடி, உள்ளங்கையின் அடிப்பகுதியால் அழுத்தி மடக்கி, திருப்பி, மீண்டும் அழுத்த வேண்டும். காற்று தங்கினால் சுவரை உயர்த்தும்போது அந்த இடம் புடைத்துக் கோணும். சரியாகக் காயாத ஈரம் உள்ளே இருந்தால், சூளையில் அது நீராவியாகிப் பாண்டத்தை உடைக்கும். பார்ப்பதற்குச் சப்பாத்தி மாவு போலத்தான் இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் தோள் வலிக்கிறது.

பிறகு சக்கரம். மண்ணை அதன் நடுவில் அறைந்து, நனைந்த இரு கைகளாலும் அணைத்து, சுழலும்போது சற்றும் அசையாத நிலைக்குக் கொண்டுவர வேண்டும். மண் நடுவில் நிற்காவிட்டால் அதற்கு மேல் செய்யும் எதுவும் நிற்காது. இதில் தேர்ச்சி பெறச் சாதாரணமாகவே பல வாரங்கள் ஆகும். நமது ஆசிரியர் முழு பலத்தையும் கொடுத்து அழுத்துகிறார். மண் அவருடைய மணிக்கட்டைத் தள்ளிக்கொண்டு ஒரு பக்கம் சாய்கிறது.

“மண்ணோட சண்டை போடாதீங்க அங்கிள். முழங்கையைத் தொடையில ஊன்றிக்கோங்க. நீங்க அசையாம இருந்தாப் போதும், அது தானா வந்துடும்” என்கிறார் கற்பிக்கும் பெண்.

அசையாமல் இருப்பது எளிதாக இல்லை. முதல் கிண்ணம் விரிந்து தட்டையாகிறது. இரண்டாவது, சுவர் எழும்பும்போது ஒரு பக்கம் மெலிந்து சரிகிறது. அருகில் உட்கார்ந்திருக்கும் பத்து வயதுச் சிறுமி கோணலாக ஒரு கிண்ணம் செய்து முடித்து, அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு அது தோல்வியாகவே படவில்லை. முப்பத்து மூன்று ஆண்டுகள் பிறருடைய விடைத்தாளைத் திருத்தியவருக்கோ காது சூடாகிறது.

இந்தச் சூட்டைத்தான் சற்று நின்று ஆராய வேண்டும். கிண்ணம் சரிந்ததால் அவருக்கு எந்த நஷ்டமும் இல்லை. கட்டணம் கட்டியாயிற்று, தேர்வு ஏதும் கிடையாது, அங்கே அவரை அறிந்தவர் ஒருவருமில்லை. ஆயினும் வெட்கம் வருகிறது. ‘தெரிந்தவர்’ என்ற நிலை நாள்பட நாள்பட நம் உடலோடு ஒட்டிவிடுகிறது. அது கழலும்போது தோலை உரிப்பது போலிருக்கிறது.

கோரா தட்டிப் பார்த்த தலைகள்

மகாராஷ்டிரத்து அடியார் வரலாறுகளில் இதற்கு நிகரான ஒரு நிகழ்ச்சி சொல்லப்படுகிறது. குயவரான கோரா கும்பாரின் வீட்டில் ஒரு நாள் ஞானேஸ்வரர், நாமதேவர், முக்தாபாய் முதலிய அடியார்கள் கூடியிருந்தனர். மூலையில் கிடந்த தட்டுப்பலகையைப் பார்த்து, இது எதற்கு என்று முக்தாபாய் கேட்டாள். பானை வெந்ததா, வேகாததா என்று தட்டிப் பார்ப்பதற்கு என்றார் கோரா. அப்படியானால் இங்கே இருக்கும் பானைகளையும் தட்டிப் பாருங்களேன் என்றாள் அவள். கோரா பலகையை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவர் தலையாகத் தட்டி வந்தார். எல்லோரும் பேசாமல் இருந்தனர். நாமதேவர் மட்டும் கோபித்து எழுந்தார். இந்தப் பானை இன்னும் வேகவில்லை என்று கோரா தீர்ப்புச் சொன்னார்.

நாமதேவர் சாமானியர் அல்லர். பண்டரிநாதனோடு நேரில் பேசுபவர் என்று ஊரே போற்றிய பக்தர். அவமானம் தாளாமல் அவர் விட்டலனிடமே முறையிட்டார். ஆறுதல் கிடைக்கவில்லை. விசோபா கேசரரிடம் போய்க் கற்றுக்கொள் என்ற கட்டளைதான் கிடைத்தது. அவரும் போனார். அந்த வரலாற்றில் வணங்கத்தக்க இடம் அதுவே என்று தோன்றுகிறது. பலகையின் அடியைத் தாங்கிக்கொண்டவர்களைவிட, தாங்காமல் கோபித்து, பிறகு மாணவனாகப் புறப்பட்டுச் சென்றவரிடம் நம்மைப் போன்றவர்களுக்குப் பாடம் அதிகம்.

குயவரின் தொழிலை அறிந்தால் இந்தக் கதைக்கு இன்னொரு முகமும் உண்டு. சுடாத பாண்டத்தை எத்தனை நாள் கழித்தும் தண்ணீரில் போட்டால் அது கரைந்து மீண்டும் களிமண்ணாகிவிடும். சூளையில் ஏறத்தாழ 600 பாகை வெப்பத்தைக் கடந்துவிட்டால், மண்ணோடு வேதியியல் முறையில் பிணைந்திருந்த நீர் வெளியேறிவிடுகிறது. அதற்குப் பின் எவ்வளவு ஊறவைத்தாலும் அது பழைய மண்ணாவதில்லை. வெந்தது நீரைத் தாங்கும். ஆனால் இனி வேறு வடிவம் ஏற்காது. ஞானத்தில் வெந்தவர் ஒருவகை. நாமோ ஞானத்தில் வேகாமலேயே பழக்கத்தில் இறுகிப்போகிறோம். பதவி, வயது, ஊரில் உள்ள பெயர் இவையே நமக்குச் சூளை. பானையைப் போல மனிதன் அப்படியே கிடக்க வேண்டியதில்லை என்பது மட்டும் நம் பேறு.

வெளியூரில் ஏன்?

கும்பகோணத்திலிருந்து சுவாமிமலை சில கிலோமீட்டர் தொலைவுதான். காவிரியின் வண்டல் மண்ணைக் கொண்டு அச்சு எடுத்து ஐம்பொன் திருமேனிகளை வார்க்கும் ஸ்தபதிகள் அங்கே தலைமுறைகளாக இருக்கிறார்கள். தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்து முதலில் உருவம் செய்வார்கள். அதன்மேல் மெல்லிய வண்டலை அடுக்கடுக்காகப் பூசி உலர்த்துவார்கள். சூடாக்கி மெழுகை வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் மண் அச்சை உடைத்துவிடுவார்கள். ஒரு திருமேனிக்கு ஓர் அச்சு; அது மறுமுறை பயன்படாது. வெளிநாட்டவர் பலர் கடல் கடந்து வந்து அந்தப் பட்டறைகளில் உட்கார்ந்து பார்க்கிறார்கள், சிலர் பழகவும் செய்கிறார்கள்.

நம் ஆசிரியர் வாழ்நாள் முழுவதும் அந்தப் பட்டறைகளின் வாசலைக் கடந்து முருகனைத் தரிசிக்கச் சென்றிருக்கிறார். ஒரு நாளும் உள்ளே நுழைந்து, எனக்கும் கொஞ்சம் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டதில்லை. ஏன், மாமல்லபுரத்தில் 1957 முதல் சிற்பக் கல்லூரியே நடந்துவருகிறது. நம்மில் எத்தனை பேர் கடற்கரைக் கோயிலைப் பார்த்த கையோடு உளிச் சத்தம் கேட்கும் ஒரு கொட்டகைக்குள் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறோம்?

ஊரில் அவர் ‘சார்’. அவர் கேட்பவர் அல்லர், சொல்பவர். வெளியூரில் அந்தப் பெயர் இல்லை. பயணம் தரும் விடுதலைகளுள் இது ஒன்று. யாத்திரை என்பதை நம் முன்னோர் சாதனையாக வைத்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். வடக்கே நீண்ட தூரம் நடந்த பெரியவர்கள், வழியில் எவர் வீட்டுத் திண்ணையிலும் பெயரற்றவர்களாகவே உட்கார்ந்தார்கள்.

ஆனால் இந்த விடுதலையில் ஓர் ஏமாற்றும் ஒளிந்திருக்கிறது. யாரும் அறியாத இடத்தில் பணிவாக இருப்பதற்குச் செலவு குறைவு. மண் பூசிய கையோடு கைபேசியைத் தொட முடியாது என்பது நல்ல காலம். கை கழுவியதும் முதல் வேலையாகப் படம் எடுத்து உறவினருக்கெல்லாம் அனுப்பி, ‘மட்பாண்டக் கலை கற்றேன்’ என்று எழுதத் தோன்றும். இரண்டு மணி நேரத்தில் எவரும் அந்தக் கலையைக் கற்பதில்லை. அதைச் சொல்லிக்கொள்ளும் உரிமையும் கட்டணத்தோடு சேர்ந்து வருவதில்லை.

அஜந்தாவுக்குப் போன நால்வர்

பயணத்தில் கலை பயின்றவர்களின் வரலாற்றில் நம் நாட்டுக்குப் பெரும் பலன் தந்த ஒரு சிறு குழு உண்டு. கிறிஸ்டியானா ஹெரிங்ஹாம் என்ற ஆங்கிலேய ஓவியப் பெண்மணி, சிதைந்துவந்த அஜந்தாச் சுவரோவியங்களைப் பிரதி எடுக்க முனைந்தார். 1909-10, 1910-11 ஆகிய இரண்டு குளிர்காலங்களில் அந்தப் பணி நடந்தது. அவருக்குத் துணையாகக் கல்கத்தாவில் அவனீந்திரநாத் தாகூரிடம் பயின்ற இளைஞர்களை அனுப்ப வேண்டும் என்று வற்புறுத்தியவர் சகோதரி நிவேதிதை. நந்தலால் போஸ், அசித் குமார் ஹால்தார், சமரேந்திரநாத் குப்தா, மைசூர் நாட்டைச் சேர்ந்த கே. வெங்கடப்பா ஆகிய நால்வர் சென்றனர். ஹைதராபாத்திலிருந்து வந்த ஓவியர்களும் அப்பணியில் சேர்ந்திருந்தனர்.

அந்த இளைஞர்கள் தொடக்கநிலை மாணவர்கள் அல்லர். சொந்தமாக வரையத் தெரிந்தவர்கள். குகையின் மங்கிய வெளிச்சத்தில் அவர்கள் செய்ய வேண்டியிருந்தது, தம் கற்பனையை ஒதுக்கிவைத்துவிட்டு, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பெயர் தெரியாமல் இருக்கும் ஒருவருடைய கோட்டின் பின்னால் தம் கையை நடத்திச் செல்வது. புதிதாக ஒரு கோடு சேர்த்தாலும் பிழை. செய்து முடித்த பிரதிகளும் அவர்களுக்குச் சொந்தமல்ல. 1915இல் லண்டனில் நூலாக வெளிவந்த அஜந்தா ஓவியத் தொகுதிக்காக எடுக்கப்பட்டவை. வீட்டுக்கு அவர்கள் எடுத்துச் சென்றது கைக்குப் பிடிபட்ட ஒரு நெளிவு மட்டுமே. அது பின்னாளில் என்ன ஆயிற்று என்பதற்கு நந்தலாலின் வாழ்க்கையே சான்று. 1921இல் பாக் குகை ஓவியங்களைப் பிரதி எடுக்கவும் அவர் சென்றார். 1938இல் ஹரிபுரா காங்கிரசுக்காகக் காந்தியடிகள் கேட்டுக்கொண்டபடி ஓவியத் தட்டிகள் தீட்டினார். நம் அரசியல் சாசனத்தின் மூலப் பிரதியை அலங்கரித்ததும் அவரும் அவருடைய மாணவர்களுமே.

வெங்கடப்பாவின் கதை பெங்களூருக்கு இன்னும் அருகில் இருக்கிறது. ஓவியராகப் புகழ் பெற்ற பிறகு அவர் மைசூர் அரண்மனை வித்துவான் வீணை சேஷண்ணாவிடம் மாணவராக உட்கார்ந்து வீணை பயின்றார். தூரிகையில் தேர்ந்த விரல்கள் தந்தியில் தடுமாறும்போது எப்படி இருந்திருக்கும்? கஸ்தூர்பா சாலையில் அவர் பெயரால் அமைந்த ஓவியக்கூடத்துக்குச் செல்பவர்கள், அந்த ஓவியங்களின் நுணுக்கத்தைப் பார்க்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளலாம்.

இவர்களோடு ஒரு சனிக்கிழமை வகுப்பை ஒப்பிடலாமா? கூடாது. அவர்களுடையது மாதக்கணக்கான உழைப்பு. அதற்கு முன்னும் பின்னும் ஆண்டுக்கணக்கான பயிற்சி. ஒன்றில் மட்டும் இரண்டும் தொட்டுக்கொள்கின்றன. செய்த பொருள் தன்னுடையதாகாது என்று தெரிந்தே முழுக் கவனத்தோடு செய்வது அந்த ஒன்று. பயணிக்கு இது விருப்பத்தால் அமைவதில்லை, மண்ணின் இயல்பால் அமைகிறது. வனைந்த கிண்ணத்தை அன்றே எடுத்துச் செல்ல முடியாது. நிழலில் மெதுவாக உலர வேண்டும். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் விரிசல் விடும். நன்கு உலர ஒரு வாரம் ஆகலாம், பெங்களூர் மழைக்காலத்தில் இன்னும் கூடும். பிறகு ஒரு முறை சுட்டு, மெருகுப்பூச்சுப் பூசி, மீண்டும் சுட வேண்டும். அதற்குள் வந்தவர் ஊர் திரும்பியிருப்பார். பலனில் பற்று வைக்காதே என்று ஆயிரம் சொற்பொழிவுகளில் கேட்டிருப்பார். இங்கே அது ஒரு நடைமுறை ஏற்பாடு போல வந்து நிற்கிறது. வகுப்பில் சேரும்போதே ‘இன்றைக்கு எடுத்துப்போக முடியாதா?’ என்பதுதான் பலரும் கேட்கும் முதல் கேள்வி.

குயவர் தெருவின் கணக்கு

இதுவரை சொன்னது கற்பவரின் உள்ளத்தைப் பற்றியது. மண்ணுக்கு மறுபக்கத்தில் இன்னொருவர் இருக்கிறார். அவரை விட்டுவிட்டால் இந்த விசாரணை வெறும் மன ஆறுதலாக முடிந்துவிடும்.

லிங்கராஜபுரத்திலிருந்து சில கிலோமீட்டரில், பென்சன் டவுனை ஒட்டி ‘பாட்டரி டவுன்’ என்றே ஒரு பகுதி இருக்கிறது. மெட்ரோ பாதையின் ஒரு நிலையத்துக்கும் அந்தப் பெயரையே வைத்திருக்கிறார்கள். தலைமுறைகளாக மண்பாண்டம் செய்யும் குடும்பங்கள் அங்கே உள்ளன. பானை, தொட்டி, அகல் விளக்கு. விநாயக சதுர்த்தி நெருங்கும்போது வரிசை வரிசையாகப் பிள்ளையார். பெங்களூரின் ஏரிகள் பல கட்டடங்களாகிவிட்டதால், அருகிலேயே கிடைத்த களிமண்ணை இப்போது வெளியிலிருந்து விலை கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. சாந்துக் கலவைப் பிள்ளையார்களின் போட்டி வேறு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020இல் திருத்திய வழிகாட்டு நெறிகளில் அவற்றைக் கூடாது என்றது. ஆனால் சந்தையில் விலையே முதலில் பேசுகிறது.

அங்கே சக்கரத்தின் முன் உட்கார்ந்திருப்பவருக்கு மண் பிசைவது அனுபவம் அல்ல, பிழைப்பு. தோள் வலித்தால் நிறுத்திவிட்டுக் காபி குடிக்க முடியாது. மழை நான்கு நாள் விடாமல் பெய்தால் உலராத விளக்குகளோடு அந்த வார வருமானமும் நின்றுபோகும். வசதியுள்ளவர் கட்டணம் கட்டி விளையாடுவதையே மற்றொருவர் வயிற்றுக்காகச் செய்கிறார் என்றால், அந்த விளையாட்டில் ஏதோ ஒரு பொருத்தமின்மை இல்லையா?

இருக்கிறது என்று ஒப்புக்கொள்வதே நேர்மை. இரண்டு மணி நேரம் கையை மண்ணில் வைத்ததும் குயவரின் வாழ்க்கை விளங்கிவிட்டது என்று சொல்பவர், அந்தத் தொழிலை இரண்டாம் முறை சிறுமைப்படுத்துகிறார். அவருக்கு விளங்கியது மிகக் கொஞ்சம். ஆனால் அந்தக் கொஞ்சத்துக்கு ஒரு கடமை உண்டு. குயவனுக்கு ஆறு மாதம், தடிகாரனுக்கு அரை நாழிகை என்ற பழமொழியை எல்லோரும் அறிவோம். அந்த ஆறு மாதத்தின் ஓர் ஓரத்தைத் தோளில் உணர்ந்தவர், அடுத்த கார்த்திகைக்கு அகல் விளக்கு வாங்கும்போது என்ன செய்கிறார் என்பதுதான் அந்த வகுப்பின் மதிப்பெண். பத்து விளக்குக்கு விலை பேசிவிட்டு, பதினொன்றாவதைக் கொசுறாகக் கேட்டு, தரமாட்டேன் என்றால் அடுத்த வண்டிக்கு நகர்வது நம் வழக்கம். இதைத் தவறு என்று எவரும் நமக்குச் சொன்னதில்லை. சாமர்த்தியம் என்றே சொன்னார்கள்.

கும்பகோணத்து ஆசிரியருக்கு அந்தச் சனிக்கிழமை நினைவுக்கு வருவது விளக்கின் விலை அல்ல. வேறொன்று.

அவர் எட்டாம் வகுப்பில் பெரியபுராணம் நடத்தியவர். தில்லையில் திருவோடு வனைந்து அடியார்களுக்கு அளித்துவந்த திருநீலகண்ட நாயனாரை, கேட்பவர் கண் கலங்கும்படி சொல்வார் என்று பெயர். குயவர் குலத்தில் பிறந்தவரை அறுபத்து மூவரில் வைத்து வணங்கும் சமயம் நம்முடையது என்று பெருமிதத்தோடு முடிப்பார். அதே வகுப்பில், அதே பலகையின் முன், இலக்கணம் வராத பையன்களை எழுப்பி நிறுத்தி, “நீயெல்லாம் மண்ணு பிசையத்தான்டா லாயக்கு” என்றும் சொல்லியிருக்கிறார். திட்டுவதாகக்கூட அதை நினைத்ததில்லை; வாத்தியார்கள் சொல்லும் வழக்கமான சொல். மாடு மேய்க்கப் போ என்பதைப் போல ஒன்று. நிற்கவைக்கப்பட்ட பையன்களில் சிலர் மெய்யாகவே மண் பிசையும் வீடுகளிலிருந்து வந்தவர்கள் என்பது அவருக்குத் தெரியும். மற்றப் பையன்கள் சிரித்ததும் தெரியும்.

இப்போது அவர் மண் பிசைய உட்கார்ந்திருக்கிறார். அதற்கு லாயக்கில்லை என்று மண் அவரிடம் இரண்டு முறை சொல்லிவிட்டது.

கையால் செய்யும் அறிவைத் தாழ்த்தியும் வாயால் சொல்லும் அறிவை உயர்த்தியும் வைத்த நம் சமூகக் குறையைப் பற்றி எவ்வளவோ எழுதப்பட்டிருக்கிறது. அதைப் படித்து ஒப்புக்கொள்வது ஒன்று. முழங்கையைத் தொடையில் ஊன்றிக்கொண்டு, சக்கரம் சுழல, தன் வாயிலிருந்து புறப்பட்ட ஒரு சொல் முப்பது ஆண்டுகள் கழித்துத் தன் கைக்கே வந்து சேர்வதை அறிவது வேறு. உபநிடதத்து மகன் மண்ணின் வழியே எதை அறிந்தான் என்று சொல்ல நமக்குத் தகுதி போதாது. இந்த ஆசிரியர் அறிந்தது அவ்வளவு உயர்ந்ததும் அல்ல. ஆனால் அவருக்கு அது தவிர்க்க முடியாததாக இருந்தது.

மூன்றாவது கிண்ணம்

மூன்றாம் முறை அவர் மெதுவாகச் செய்கிறார். மண் நடுவில் நிற்கிறது. முழுவதும் அல்ல, ஏறக்குறைய. கட்டைவிரலால் குழி எடுத்து, சுவரை இரண்டு அங்குலம் உயர்த்தியதும், “போதும் அங்கிள், இதோட விட்டுடுங்க” என்று அந்தப் பெண் சக்கரத்தை நிறுத்துகிறார். நூலால் அடியை அறுத்துப் பலகையில் வைத்தாயிற்று. சரிந்துபோன முதல் இரண்டின் மண்ணும் மூலையில் உள்ள வாளிக்குள் போகிறது. அதைத் தண்ணீரில் ஊறவைத்து, வடித்து, பிசைந்து, அடுத்த வாரம் வருபவர்களுக்குக் கொடுப்பார்கள். அடியில் பெயரைக் கீறிக்கொடுங்கள், சூளையிலிருந்து எடுக்கும்போது யாருடையது என்று தெரிய வேண்டும் என்று ஒரு ஊசியை நீட்டுகிறார் கற்பிக்கும் பெண். சற்று யோசித்து, அவர் மகளுடைய வீட்டு இலக்கத்தைக் கீறுகிறார்.

“டீச்சர்கிட்ட சொல்லிட்டுக் கிளம்புங்க” என்று பின்னாலிருந்து யாரோ அந்தச் சிறுமிக்குச் சொல்கிறார்கள். அவரும் திரும்பி, “வர்றேன் டீச்சர்” என்கிறார். அந்தப் பெண் கூச்சத்தோடு சிரிக்கிறார்.

மைசூரிலிருந்து பெங்களூர் வழியாகக் கும்பகோணம் செல்லும் இரவு வண்டியில் அவர் திரும்பும்போது, கிண்ணம் லிங்கராஜபுரத்துப் பலகையில் உலர்ந்துகொண்டிருக்கும். அது சூளையில் தேறுமா, வெடிக்குமா என்பது அவருக்குத் தெரியாது. மறுநாள் காலை ஊர் வந்துவிடும். நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில் ஐந்து பேராவது “வாங்க சார், எப்ப வந்தீங்க?” என்று கேட்பார்கள்.

கடினமான வகுப்பு அங்கேதான் இருக்கிறது. சுவாமிமலைக்குப் பேருந்து அடிக்கடி உண்டு. சன்னதித் தெருவுக்குள் திரும்பினால் பட்டறைகள். அவற்றில் ஒன்றில், மெழுகு உருவத்தின் மேல் வண்டல் மண்ணைப் பூசிக்கொண்டிருப்பவர் நாற்பது வயதைக் கடந்தவராக இருக்கலாம். எட்டாம் வகுப்பில் இலக்கணம் வராமல் எழுந்து நின்றவராகவும் இருக்கலாம். வாசலில் நிழல் விழுவதைப் பார்த்து, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, “சார், உள்ள வாங்க, உக்காருங்க” என்று அவர் நாற்காலியைத்தான் இழுத்துப் போடுவார். நாற்காலியில் உட்காருவதா, அவருக்கு எதிரே தரையில் உட்காருவதா என்பதை வாசலில் நின்றபடியே முடிவு செய்ய வேண்டியிருக்கும்.